கூடத்துத் தொட்டியில் முளைக்கும் கை

பாபநாசம்,
தை மாதம், வியாழன்

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை தியாகேசன் அவர்களுக்கு, மாமனார் செல்லதுரை எழுதுவது. அந்தமானில் நீங்களும் குந்தவையும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நாங்களும் சுகம் என்று எழுத மனம் ஒப்பவில்லை. போனில் சொன்னால் உங்கள் மாமியார் ராசம்மாள் காதில் விழும், அதனால்தான் கடிதம்.

கடலாராய்ச்சிப் பயிற்சிக்காக அந்தமான் போகும்போது நட்சத்திர மீனோடு ஒரு கடல்நீர்த் தொட்டியைக் கூடத்தில் இறக்கி வைத்தீர்களே, அதைப் பற்றித்தான். இது முட்தோலி இனம், தலை கிடையாது, மூளை கிடையாது, ரத்தத்துக்குப் பதில் கடல்தண்ணீர்தான் உள்ளே ஓடுகிறது என்று நீங்கள் சொன்னபோது, நம் சொந்தத்திலேயே அப்படி இரண்டு பேர் உண்டே என்று சிரித்தேன். இப்போது சிரிப்பு வரவில்லை. அதற்கு முன்பக்கமும் இல்லை, பின்பக்கமும் இல்லை. ஐந்து கையில் எந்தக் கைக்குத் தோன்றுகிறதோ அந்தப் பக்கம், அடியில் நூறு நூறாய்க் குட்டிக் கால்களை ஊன்றி, சத்தமே இல்லாமல் கண்ணாடியில் ஏறுகிறது. இறால் துண்டு போட்டால் வயிற்றை வாய்க்கு வெளியே அனுப்பித் தின்றுவிட்டு உள்ளே இழுத்துக்கொள்கிறது. எத்தனையோ பந்தி பார்த்தவன் நான், இப்படி ஒரு சாப்பாட்டைப் பார்த்ததில்லை. பூனைக்குப் பயந்து தொட்டிமேல் பலகையும் அதன்மேல் அம்மிக்குழவியும் வைத்தேன், விளிம்பில் கிடந்த ஒரு கை துண்டாகிவிட்டது. அதை வாய்க்காலில் போடப் போனவனைத் தடுத்து, "கரும்புக் கரணையே முளைக்குது, இது முளைக்காதா? உள்ளயே போடுங்க" என்றாள் ராசம்மாள். வாழ்நாளெல்லாம் கரணை நட்டவள், சொன்னால் கேட்பாளா? போட்டாள். வெட்டுவாயில் மெல்ல நான்கு மொட்டு கிளம்பி, ஒற்றைக் கை முழு மீனாகிக்கொண்டிருக்கிறது. மூத்ததற்கும் போன கை வருகிறது.

பயம் அதில்லை, மாப்பிள்ளை. சர்க்கரையால் அவளுக்குக் கால் கட்டைவிரலை எடுத்தது உங்களுக்குத் தெரியும். புண் நனையவே கூடாது, நனைந்தால் அடுத்தது பாதம்தான் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இவளோ மத்தியானமானால் நாற்காலியை இழுத்துப் போட்டு, புண்ணின் கட்டுத்துணியை அவிழ்த்து, காலைத் தொட்டிக்குள் விட்டு உட்கார்ந்துவிடுகிறாள். இரண்டும் ஊர்ந்து வந்து விரல் போன இடத்தில் ஒட்டிக்கொள்கின்றன. கத்தினேன், கெஞ்சினேன். "மூளையில்லாத ஜீவனுக்கு வர்றது எனக்கு வராதா? சும்மா இருங்க" என்கிறாள். முகத்தில் அப்படி ஓர் அமைதி. இந்தக் கடிதத்தைப் பார்த்ததும் யாரையாவது அனுப்பித் தொட்டியை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் நானே வண்டி பிடித்துக் கடலில் கொட்டிவிடுவேன். அவள் காலைப் பறிகொடுத்துவிட்டு நான் என்ன செய்வேன்?

குந்தவைக்கு என் ஆசிகள். இருவரும் கைகால் குறைவில்லாமல் தீர்க்காயுசாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
செல்லதுரை

பி.கு.: உறையை ஒட்டுமுன் அவள் கூப்பிட்டாள். போய்ப் பார்த்தேன். விரல் போன இடத்தில் வெள்ளையாக, நெல்முளை அளவுக்கு ஏதோ தெரிகிறது. நானும் தொட்டுப் பார்த்தேன். தொட்டியை எடுக்க வேண்டாம். டாக்டரிடமும் சொல்ல வேண்டாம். வரும்போது நாகப்பட்டினத்தில் இறங்கி இரண்டு கேன் கடல்தண்ணீர் கொண்டு வாருங்கள்.