கால் மணி நேரத்தில் துரோகியான ரத்தம்

மூடிப்போன சோபா கடை ஒன்றின் வாசலில் காலை ஏழு மணிக்கே நூறு பேர் நின்றார்கள். உள்ளே இருப்பவர் அணுச்சித்தர். விரலில் ஒரு குத்து, கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு, அதை மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் சுவரளவு டிவியில் உங்கள் ரத்தம் தெரியும். கைரேகை பார்த்த காலமெல்லாம் மலையேறிவிட்டது. விஞ்ஞானம் வளரும்போது ஏமாற்று மட்டும் பின்தங்கியா நிற்கும்?

வரிசையில் ஒரு தையற்காரி. உடம்பைக் காக்கவேண்டிய வெள்ளணுக்களே ரத்தக்குழாய்களைத் தாக்கும் நோய் அவளுக்கு. கால் மரத்து மெஷினை மிதிக்க முடியவில்லை. நோய் சிறுநீரகத்திலும் கை வைத்திருந்தது. மாத்திரையை ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது என்றார் டாக்டர். மாத்திரையால் முகம் உப்பியது. நிறுத்து என்றார் அணுச்சித்தர். யார் பேச்சு இனிக்கும்? நிறுத்தி நான்கு நாளாகிறது. இன்று இரண்டாம் தடவை வந்திருக்கிறாள்.

கூட வந்தவள் தங்கை. ஆஸ்பத்திரி பரிசோதனைக் கூடத்தில் பதினோரு வருடமாக ரத்த அணுக்களை எண்ணுகிறவள். வீட்டில் மல்லுக்கட்டிப் பார்த்தாள், எடுபடவில்லை. "நான் என் கண்ணால பாத்தேன்டி" என்பதுதான் அக்காவின் ஒரே பதில். சரி, அந்தக் கண்ணுக்கே காட்டுவோம் என்று தானும் நோயாளியாகச் சீட்டு வாங்கிவிட்டாள்.

அணுச்சித்தரின் முறை இது. முதல் சொட்டை விளக்கடியில் திறந்தே வைத்துவிட்டுக் கால் மணி நேரம் பேசுவார். அதற்குப் பிறகுதான் டிவியைப் போடுவார். அணுக்கள் முள்ளு முள்ளாகச் சுருங்கி நிற்கும். உடம்பின் காவல் சிப்பாய்களான வெள்ளணுக்களெல்லாம் துரோகிகளாகிவிட்டார்கள் என்பார். கூட்டம் உச்சுக்கொட்டும். பிறகு நோயாளி உள்ளறையில் தனியாகப் படுத்து, நெஞ்சில் ஒரு செம்புத் தட்டை வைத்துக்கொள்ள வேண்டும். எழுந்து வந்ததும் இரண்டாம் சொட்டு, உடனே திரையில். அணுக்கள் உருண்டையாக, பளிச்சென்று இருக்கும். கைதட்டல். அடுத்த நொடியே கண்ணாடி குப்பைத் தொட்டிக்குப் போய்விடும். அவ்வளவு சுத்தக்காரர்.

தங்கையின் முறை வந்தது. எல்லாம் அதேபடி நடந்தது. இரண்டாம் சொட்டைக் காட்டி, தொண்ணூறு சதவீதம் திருந்திவிட்டார்கள் என்று அறிவித்தார்.

"தட்டை நான் நெஞ்சில வைக்கலையே," என்றாள் தங்கை. "உள்ளறையில இருந்த தண்ணி டிரம் மேல வச்சேன். டிரம்முக்குத்தான் குணமாயிருக்கணும்."

அவர் அசரவில்லை. தட்டின் அலை அறை முழுக்கப் பரவுமாம். கூட்டமும் தலையாட்டியது. தலை இருப்பதே அதற்குத்தானே?

கண்ணாடியை எடுக்க நீண்ட கையைத் தங்கை பிடித்துக்கொண்டாள். "அது அங்கயே இருக்கட்டும். கால் மணி நேரம் எல்லாரும் சும்மா பாப்போம்."

மைக்ரோஸ்கோப் சூடாகிவிடும் என்றார் அவர். வரிசை காத்திருக்கிறது என்றார். காலையிலிருந்து காத்திருக்கிறோம், இதற்கும் காத்திருப்போம் என்று ஒரு குழாய் ரிப்பேர்காரர் மேஜையருகே வந்து நின்றுகொண்டார்.

சொட்டின் ஓரம் காய்ந்தது. திருந்திய அணு ஒன்றில் முள் முளைத்தது. பக்கத்தில் இருந்ததிலும் முளைத்தது. கால் மணி முடிவதற்குள் திரை முழுக்கத் துரோகிகள்.

"காய்ஞ்சா யார் ரத்தமும் இப்படித்தான் ஆகும்," என்றாள் தங்கை. "இதுல பெரும்பாலும் சிப்பாயே கிடையாது. மூச்சுக்காத்தைச் சுமக்குற சிவப்பணு. இவர் இத்தனை நாளா திட்டினது மூட்டை தூக்குறவங்களை. அக்கா, உன் நோய்ல மாறுறது வெள்ளணு. எந்த வகை கூடுச்சு, எது குறைஞ்சுதுன்னு பாக்கச் சாயம் போடணும், மெஷின்ல ஓட்டணும். அதுக்கப்புறமும் டாக்டர் உக்காந்து யோசிக்கணும்."

கூட்டம் திரும்பிப் பார்ப்பதற்குள் அணுச்சித்தர் பின்கதவு வழியாகக் கம்பி நீட்டிவிட்டார்.

அக்காவுக்கு வெட்கத்தைவிடப் பயம்தான் அதிகம். "நாலு நாளாச்சேடி. கிட்னி போயிருக்குமா?"

"தெரியாதுக்கா. பரிசோதனை பண்ணாத்தான் தெரியும். டாக்டர்கிட்ட இப்பவே போலாம், வா."

தெரியாது என்று சொன்னவளின் கையைப் பிடித்துக்கொண்டு அக்கா படியிறங்கினாள். கூட்டத்தில் ஒருவர் மட்டும் அணுச்சித்தர் அடுத்து எந்த ஊரில் உட்காருவார் என்று விசாரித்துக்கொண்டிருந்தார். ஐயா, உங்கள் ரத்தம் கழுத்தைத் தாண்டி மேலேயும் நாள் முழுக்கப் போய்வருகிறது. அங்கே இருப்பதையும் கொஞ்சம் வேலை வாங்குங்கள்.