கோதுமை நுழையாத வீடு

ஓய்வுபெற்ற பெரிய கிளாக்கரின் கையில் சின்ன எழுத்தில் அச்சடித்த எதையும் கொடுக்கக் கூடாது. தேயிலைத் தோட்ட அலுவலகத்தில் சுற்றறிக்கைகளை அடிக்குறிப்பு வரை வாசித்துப் பழகியவன் நான். ஓய்வு பெற்ற பிறகு தைலப் போத்தல்களின் லேபிளை வாசித்துப் பொழுதை ஓட்டிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் மகள் சுகந்தி, தன்னோடு வங்கியில் வேலை செய்யும் நிரோஷனைக் கட்டிக்கொள்ள விரும்புவதாகச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை அவர் தம் அம்மாவோடு பெல்மதுளையிலிருந்து பெண் பார்க்க வருகிறார்.

“ஒரு விசயம் இருக்குப்பா. அவருக்குக் கோதுமை ஆகாது. அதுல குளுட்டன்னு ஒண்ணு இருக்காம். கொஞ்சம் பட்டாலும் குடல் கெட்டுப் போகுமாம். தோட்டத்து வீட்டுல எந்நேரமும் ரொட்டிதானே சுடுவாங்க, அங்க மகன எப்படி நம்பி விடுறதுன்னு அவங்கம்மா பயப்புடுறாங்க. சாப்பாட்டப் பாத்துட்டுத்தான் சம்மதம் சொல்லுவாங்களாம்.”

ஆக, என் மகளின் கல்யாணமே லேபிள் வாசிப்பில் தங்கியிருக்கிறது! (இதுக்காகத்தான் என்னைப் பெத்தாங்களோ என்று உடம்பெல்லாம் சிலிர்த்தது.)

அன்றே சமையலறையில் தணிக்கை தொடங்கினேன். கோதுமை மா மூட்டையும் ரொட்டிக் கல்லும் பக்கத்து வீட்டுக்கு நாடு கடத்தப்பட்டன. சோயா சோஸில் கோதுமை. சூப் கட்டியில் கோதுமை. பூதக்கண்ணாடியைப் பெருங்காய டப்பாமேல் வைத்தபோது, மாணிக்கக் குழியில் நீலக்கல்லைக் கண்டவன்போல் கத்திவிட்டேன். அதிலும் கோதுமை மா!

“பெருங்காயத்துலயா?” என்றாள் மனைவி சரோஜா. “கண்ணு தெரியாம ஒளறாதீங்க.”

டப்பாவை நீட்டினேன். அது மூன்று மொழியிலும் குற்றத்தை ஒப்புக்கொண்டிருந்தது.

தெரணியகலைக் கடையிலும் பூதக்கண்ணாடியை எடுத்தேன். கடைக்கார நானா (முஸ்லிம் அண்ணன்மாரை அப்படித்தான் கூப்பிடுவோம்) சற்று நேரம் பார்த்தார்.

“ஐயா, சாமான் வாங்குறீங்களா, சோதினைக்குப் படிக்கிறீங்களா?”

“மக கல்யாண விசயம் நானா.”

“அப்ப படிங்க, படிங்க. லைட்டப் போட்டு விடவா?”

ஞாயிறும் வந்தது. வளைவு வளைவான பாதையில் பஸ்ஸில் வந்த நிரோஷனுக்கு வெயிலில் முகம் சிவந்திருந்தது. வெயிலில் வந்தவருக்கு எங்கள் வீட்டில் பார்லி அவித்த தண்ணீர்தான் கொடுப்போம். வடிகட்டி, தேசிக்காய் பிழிந்து, சீனி போட்டால் உடம்புச் சூடு பறந்துவிடும். காலையிலேயே என் கையால் காய்ச்சி வைத்திருந்தேன். பார்லியைக் கடையில் சாக்கிலிருந்து அள்ளி நிறுத்துத் தருவார்கள். சாக்குக்கு லேபிள் கிடையாது. லேபிள் இல்லாத பொருளில் பிழை இருக்க வழியில்லை என்பது அன்றைய என் சட்டம்.

நிரோஷன் தேசிக்காய்த் தண்ணீர் என்று நினைத்து ஒரே மூச்சில் குடித்தார்.

“நல்லா இருக்குங்க மாமா.”

மாமா என்கிறார்! இன்னொரு கிளாஸ் ஊற்றினேன்.

சாப்பாட்டு மேசையில் நான் விளக்கம் சொல்லாமல் ஒரு கரண்டி சோறுகூட விழவில்லை. நிரோஷனின் அம்மா ஓய்வுபெற்ற டீச்சர். பெருங்காயத்தைப் பிடித்த கதையைக் கேட்டு அசந்துபோனார்.

“நாங்களே அத ரொம்ப நாள் கழிச்சுத்தாங்க கண்டுபுடிச்சோம். இனி எனக்குப் பயமில்ல. தேதியப் பாத்துருவோம்.”

சுகந்தியின் முகத்தில் வெளிச்சம். நான் தரையில் இல்லை.

டீச்சர் கை கழுவச் சமையலறைக்கு வந்தார். வடிகட்டியில் வெந்த மணிகள் கிடந்தன.

“இது என்னங்க?”

“பார்லிங்க! சூட்டுக்கு ரொம்ப நல்லது. தம்பிக்கு ரெண்டு கிளாஸ் குடுத்தேன்” என்றேன் பெருமையாக.

“ஐயோ! பார்லியிலயும் அதே குளுட்டன்தாங்க இருக்கு!”

அதே நேரம் முன்னறையில் நாற்காலி விழுந்த சத்தம். நிரோஷன் எங்களைத் தாண்டிப் பின்புறக் கழிப்பறைக்கு ஓடினார். கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

“அப்பா, நீங்க கோதுமைய மட்டுமா பாத்தீங்க?” சுகந்திக்கு அழுகை முட்டியது.

“நீ கோதுமைன்னுதானேம்மா சொன்ன?” (பெரிய கிளாக்கர் பதில்.)

டீச்சர் கைப்பையை எடுத்தார். “அவன் வெளிய வந்ததும் நாங்க கெளம்புறோம். சம்பந்தமும் வேணாம், ஒண்ணும் வேணாம்.”

நான்கு பேரும் கழிப்பறை வாசலில் காவல் நின்றோம். இப்படி ஒரு பெண் பார்க்கும் வைபவம் எங்கள் தோட்டத்தில் அதுவரை நடந்ததில்லை.

உள்ளிருந்து முனகல். “அம்மா...”

“என்னப்பா? ஆஸ்பத்திரிக்குப் போவமா?”

“தேதிய வச்சிருங்கம்மா.”

“என்னடா பேசுற? இந்த வீட்டுல...”

“பெரியப்பா வீட்டுல எனக்கு இன்னமும் கோதுமைப் பாண்தானேம்மா வைக்கிறாங்க? இவரு பெருங்காயம் வரைக்கும் தேடியிருக்காரு. பார்லியையும் சொல்லிட்டா அதையும் புடிச்சிருவாரு.” மறுபடி ஒரு முனகல். “சட்டுன்னு பேசி முடிங்க. எனக்கு இங்க வேல இருக்கு.”

முதலில் சிரித்தது சரோஜாதான். டீச்சர் உதட்டைக் கடித்துப் பார்த்தார், முடியவில்லை. கைப்பை கீழே வந்தது. கழிப்பறை வாசலிலேயே தை மாதம் என்று முடிவானது. மாப்பிள்ளை உள்ளிருந்தே சம்மதம் சொன்னார்.

இப்போது சுகந்தி வீட்டில் எனக்கு மட்டும் ஒரு சட்டம். நான் யாருக்கு எதை ஊற்றிக் கொடுத்தாலும், எல்லோர் முன்னாலும் முதல் மிடறை நானே குடித்துக் காட்ட வேண்டும். போன வாரம் பேத்திக்கு வெறும் தண்ணீர்தான் நீட்டினேன். இன்னும் பேச்சு வராத பிள்ளை கிளாஸை இரண்டு கையாலும் பிடித்து என் வாய்க்குத் தள்ளிவிட்டு, நான் விழுங்கும்வரை என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.