மருமகள் வக்கீலாவதை நான் தடுத்த லட்சணம்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

இங்கு நான், என் மனைவி, மகன், உங்கள் மகள் நால்வரும் சௌக்கியம். அங்கு நீங்களும் சம்பந்தியம்மாளும் ரத்த அழுத்தம் ஏறாமல் இருக்கிறீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். ஏறியிருந்தால் இரண்டாம் பக்கத்தை நாளைக்குப் படிக்கவும்.

தங்கள் கடிதம் கிடைத்தது; பதில் எழுதத் தாமதமானதற்கு மன்னிக்கவும். 'பன்னிரண்டு வருஷம் பல் மருத்துவராக இருந்தவள் மாலைக் கல்லூரியில் சட்டம் படித்தபோது பொழுதுபோக்கு என்று இருந்துவிட்டேன். இப்போது கிளினிக்கை மூடிவிட்டுக் கறுப்புக் கோட்டு போடப் போகிறாளாம். உங்கள் பேச்சைத்தான் கேட்பாள், தடுத்து நிறுத்துங்கள். மீறினால், அவள் வக்கீலாகப் பதிவு செய்யும் நாளில் நான் வரப்போவதில்லை' என்று எழுதியிருந்தீர்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. என் பேச்சைக் கேட்க இந்த வீட்டில் ஒருவர் இருப்பது எனக்கே அப்போதுதான் தெரியும்.

அன்று சாயங்காலமே நல்ல சட்டையாகப் போட்டுக்கொண்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு சாப்பாட்டு மேஜைக்குப் போனேன். நான் வாயைத் திறப்பதற்குள், "நல்ல வேளை வந்தீங்க மாமா, உட்காருங்க. நாளன்னைக்குக் காலேஜுல கடைசித் தேர்வு, மாதிரி நீதிமன்றம். குறுக்கு விசாரணை பழகணும், ஒரு சாட்சி வேணும்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள். என் மகன் ஏற்கெனவே நீதிபதியாக மரக்கரண்டியோடு உட்கார்ந்திருந்தான். வழக்கு இதுதான்: மாடி வீட்டுக்காரர் குழாயைத் திறந்துவிட்டு ஊருக்குப் போனதில் கீழ் வீட்டுக் கூரை ஒழுகி, கட்டிலும் மெத்தையும் நாசம். நான் மாடி வீட்டுக்காரர். "குழாயை மூடினீங்களா?" என்று கேட்டாள். நான் மூச்சை இழுப்பதற்குள், "அவ்வளவுதான், நல்லா ஒத்துழைக்கிறீங்க" என்று அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள். இப்படியே பதினோரு கேள்வி. பல் மருத்துவர்களின் பழக்கம் தங்களுக்குத் தெரியாததா? வாய் நிறையப் பஞ்சை அடைத்துவிட்டு, பையன் என்ன படிக்கிறான் என்பார்கள்; பதில் வராது என்று தெரிந்துதான் கேட்பார்கள். நடுவில் என் தோளைத் தட்டி, "கொஞ்சம் கூசும் மாமா, வலிச்சா கையைத் தூக்குங்க" என்றாள். நான் தூக்கினேன். சாட்சிக்கு இதமாகப் பேசிச் செல்லம் கொடுக்கக் கூடாது என்று நீதிபதி கரண்டியால் மேஜையைத் தட்டினார். என் மனைவி அடுப்படியிலிருந்து, "அவருக்குப் பதில் சொல்ல நேரம் கொடும்மா. நான் முப்பத்தாறு வருஷமா கொடுக்கல, நீயாவது கொடு" என்றாள்.

இதுதான் சமயம் என்று, "பல்லுல உனக்கு என்னம்மா குறை? கைராசிக்காரின்னு பேர் எடுத்திருக்கே" என்று ஆரம்பித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"மாமா, என் நாற்காலியில உட்கார்ந்த ஒருத்தரும் என்கிட்ட ஒரு வாக்கியத்தை முழுசா பேசி முடிச்சதில்ல. நாலு வருஷம் முன்னாடி ஒரு அம்மா வந்தாங்க, முன்பல் ரெண்டு உடைஞ்சிருந்தது. எப்படின்னு கேட்டுக்கிட்டே ஊசியைப் போட்டுட்டேன். மரத்துப் போன வாயால என்னவோ சொன்னாங்க, புரியல. பல்லைக் கட்டி அனுப்பிட்டேன். மூணே மாசத்துல அதே பல் உடைஞ்சு, கன்னமும் கன்னிப்போய்த் திரும்பி வந்தாங்க. அடுத்த வாரம்தான் சட்டக் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டேன்" என்றாள்.

நீதிபதி கரண்டியைக் கீழே வைத்துவிட்டான் சம்பந்தி. பிறகு அவள், "சரி, நீங்க என்கிட்ட என்ன சொல்ல வந்தீங்க மாமா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு பேசாமல் நின்றாள். அந்த மௌனம் இருக்கிறதே, மனுஷனால் தாங்க முடியாது. தங்கள் கடிதம் வந்தது, அதில் எழுதியிருந்தது, அதைப் பழைய நாளிதழ்களுக்கு அடியில் ஒளித்து வைத்தது, கூடவே யாருமே கேட்காத, முன்பொரு நாள் என் மனைவியின் மூக்குக்கண்ணாடியை உடைத்தது பக்கத்து வீட்டுப் பூனையல்ல என்ற விஷயம் வரைக்கும் கடகடவென்று கொட்டிவிட்டேன். அவள் கடிதத்தை வாங்கிப் படித்தாள். "அப்பா கையெழுத்து இன்னும் அழகா இருக்கு மாமா" என்றாள். அவ்வளவுதான், உள்ளே போய்விட்டாள்.

தேர்விலும் இதே கதைதானாம். எந்த மாணவரிடமும் குழாயைத் திறந்துவிட்டதை ஒப்புக்கொள்ளாத பேராசிரியர் ஒருவர் சாட்சிக் கூண்டில் நின்றிருக்கிறார். இவள் ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டுச் சும்மா நின்றாளாம். அரை நிமிஷத்தில் ஒப்புக்கொண்டுவிட்டாராம். முதல் மதிப்பெண் இவளுக்குத்தான். விசாரணை முடிந்ததும் வாய் தவறிச் சாட்சியைப் பார்த்து, "இனிமே கொப்பளிக்கலாம்" என்று சொன்னதற்காக மட்டும் இரண்டு மதிப்பெண் குறைத்தார்களாம்.

ஆகையால், தாங்கள் ஒப்படைத்த காரியம் என்னால் ஆகவில்லை. உண்மையைச் சொன்னால், ஆகாததில் எனக்குப் பரம திருப்தி. பட்டமும் கைக்கு வந்துவிட்டது; வருகிற வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குப் பதிவு. தாங்கள் வருவீர்களா என்று அவள் கேட்கவில்லை; கறுப்புக் கோட்டை மட்டும் மூன்று தடவை இஸ்திரி போட்டுவிட்டாள். அவள் நிற்கும்போது நாங்கள் எத்தனை பேர் கை தட்டினாலும் அவள் கண் தங்களைத்தான் தேடும். கோபத்தை வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள்.

சம்பந்தியம்மாளுக்கு எங்கள் வணக்கமும் அன்பும்.

இப்படிக்கு,
சொன்ன வேலையைச் செய்யாத,
தங்கள் அன்புள்ள சம்பந்தி

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது சம்பந்தியம்மாள் போன் செய்தார். தாங்கள் எனக்குக் கடிதம் போட்ட மறுநாளே மகள் பெயரில் பெயர்ப்பலகை எழுதக் கொடுத்துவிட்டீர்களாமே. அது பீரோவுக்குப் பின்னால் போர்வைக்குள் இருக்கிறதாம்; தினம் எடுத்துத் துடைத்து வைக்கிறீர்களாம். எனவே மேலே எழுதிய எதையும் படிக்க வேண்டாம். ஆனால் பலகையில் முதல் வரி 'பல் மருத்துவர்', அதற்குக் கீழே 'வழக்கறிஞர்' என்று இருக்கிறதாம். உங்கள் மகளிடம் சொன்னேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, இரண்டு தொழிலையும் சேர்த்துப் பார்க்கச் சட்டம் இடம் கொடுக்காது என்கிறாள். வெள்ளிக்கிழமை வரும்போது பலகையோடு ஒரு டப்பா பெயின்ட்டும் எடுத்து வாருங்கள்.