யாகோப்பின் கார்

இந்த வெள்ளிக்கிழமையோடு என் மானம் திரும்பி வந்துவிட வேண்டும் என்று முடிவெடுத்தேன். போன வருடம் அது என் டிரோனோடு சேர்ந்து எங்கள் ஊர் சாய்ந்தமருதுக் கடலுக்குள் போனது. டிரோன் போன அன்றே, "சத்தியமா, இனி எனக்கு விளையாட்டுச் சாமானே வேணாம்" என்று மாமியின், அதாவது மனைவியின் உம்மாவின், முன்னால் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து என் மனைவி ஸுல்பிகாவின் தம்பி ஜவாத் என்னை "டிரோன் மச்சான்" என்றுதான் கூப்பிடுகிறான். ஊரில் பாதிப் பேருக்கு என் சொந்தப் பெயர் மறந்துவிட்டது.

ஜவாத்திடம் ஒரு ரிமோட் கார் இருக்கிறது. வெள்ளி பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு கடற்கரையில் ஓட்டம். நான் வென்றால் அந்தப் பெயரை அவன் விட்டுவிட வேண்டும். ரகசியமாகச் சவால் விட்டேன். ரகசியமாகவே பிரஷ்லெஸ் மோட்டார் போட்ட கார் ஒன்றும் வாங்கினேன்.

ஒளித்து வைக்கத்தான் இடமில்லை. எங்கள் ஊரில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவார். வீடு அவளது, மேசை அவளது. எனக்கென்று இழுத்துத் திறக்க ஒரு லாச்சிகூடக் கிடையாது. ஆகவே கந்தோரில் என்னோடு வேலை செய்யும் பக்கத்து மேசைக்காரன், சொறிக்கல்முனை ஊர் யாகோப்பைப் பிடித்தேன்.

"மச்சான், ஆர் கேட்டாலும் கார் உன்ட எண்டு சொல்லு. என்ன நடந்தாலும் சொல்லு."

"ஓம்" என்றான். நல்ல மனிதன். சொன்ன சொல் மாறாதவன். அதுதான் பிறகு வினையாகப் போனது.

புதன்கிழமை மணலில் பறந்த கார் வியாழக்கிழமை ஓடவில்லை. ஸுல்பிகா அபாயா தைக்கத் துணி வெட்டும் மேசையில் வைத்து ரிமோட்டை அழுத்தினேன். மோட்டார் காய்ச்சல்காரன் மாதிரி நடுங்கிவிட்டு நின்றது.

"ஆர்ட சாமான் இது?" தையல் மெசினிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"யாகோப்புட. திருத்தித் தரச் சொன்னான்."

"உங்களுக்கிட்டயா?"

"ஏன் புள்ள, எனக்குத் தெரியாதா? இது பிரஷ்லெஸ் மோட்டர். உள்ளுக்குப் பிரஷ்ஷே இல்ல."

"பல்லுச் சக்கரம் இருக்கு, பிரஷ் இல்லையா? அதான் இவ்வளவு ஊத்தை."

பெற்றரியை மாற்றினேன். நடுங்கியது. பல்லுச் சக்கரத்தில் மணல் சிக்கியிருக்கும் என்று மாமியின் பல்லுத் தீட்டும் பிரஷ்ஷால் சுத்தம் செய்தேன். எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன். தயவுசெய்து நீங்கள் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். அப்போதும் நடுங்கியது. மோட்டாருக்குப் போகும் மூன்று வயர்களில் இரண்டை இடம் மாற்றினால் எதிர்ப்பக்கம் சுற்றும் என்று யூடியூபில் ஒருவர் சொன்னார். மாற்றினேன். எதிர்ப்பக்கமாக நடுங்கியது.

"இஞ்ச பாருங்க, அந்த மூண்டு வயரையும் ஒருக்கா இழுத்துப் பாருங்களேன்."

"இது தையல் மெசின் இல்ல புள்ள. கொஞ்சம் பெரிய விசயம்."

"அப்பிடியா? ஒண்டு கேக்கன். கார் யாகோப்பு அண்ணன்டதானே?"

"ஓம்."

"நிச்சயமா?"

"ஓம் எண்டுறனே!"

"சரி."

பதினொரு வருடக் குடும்ப வாழ்க்கையில் அந்தச் "சரி"க்குப் பயப்பட நான் பழகியிருக்க வேண்டும்.

மறுநாள் ஜும்ஆ முடிந்து வந்தேன். மேசையில் அபாயாத் துணி மட்டும்தான் கிடந்தது.

"கார் எங்க?"

"திருத்திட்டன்."

"நீயா?"

"என்ட மெசின் மோட்டரும் பிரஷ் இல்லாததுதான். போன நோன்புக்குள்ள இப்பிடித்தான் நடுங்கிச்சு. மூண்டு வயர்ல ஒண்டு உறைக்குள்ள கழண்டு கெடந்தது. இதுலயும் அதேதான். ஈயம் வெச்சு ஒட்டினன். பறக்குது."

சந்தோசத்தில் அவளைக் கட்டிப்பிடிக்கலாம் போலிருந்தது. மாமி நின்றதால் விட்டேன்.

"எங்க வெச்சிருக்காய்?"

"உடையவருக்கிட்ட. கோல் எடுத்து வரச் சொன்னன், வந்தார், குடுத்திட்டன்."

"யாகோப்பு வாங்கினானா?"

"முதல்ல கொஞ்சம் முழிச்சார். 'அண்ணன், கார் உங்கடதானே?' எண்டு கேட்டன். 'ஓம் தங்கச்சி' எண்டார். பின்னேரம் கடற்கரையில ஓட்டமாம், கொண்டுபோய் ஓட்டுங்க எண்டன்."

வாயைத் திறந்தேன். கார் என்னுடையது என்றால் சத்தியம் போகும். இல்லை என்றால் கார் போகும். மாமி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். மூடிக்கொண்டேன்.

அசர் தொழுத கையோடு கடற்கரைக்கு ஓடினேன். கரையில் இழுத்துவைத்த தோணிகளுக்குப் பக்கத்தில் யாகோப்பு ரிமோட்டோடு நின்றான்.

"மச்சான், அதை இஞ்ச தா" என்று காதுக்குள் கெஞ்சினேன்.

"என்ன நடந்தாலும் என்ட எண்டு சொல்லச் சொன்னாய். தங்கச்சி பாத்துக்கொண்டு நிக்கா."

நின்றாள்தான். மாமியோடு கச்சான் கடலை சாப்பிட்டுக்கொண்டு நின்றாள்.

ஜவாத்தின் கார் பாதி தூரம் வருவதற்குள் என் கார், மன்னிக்கவும், யாகோப்பின் கார், எல்லையைத் தாண்டிவிட்டது. ஜவாத் ஓடிவந்து "சம்பியன் அண்ணன்!" என்று அவனைக் கட்டிப்பிடித்தான். பிறகு என் பக்கம் திரும்பினான்.

"பாத்தீங்களா, டிரோன் மச்சான்?"

சொல்லிவிட்டு ஸுல்பிகாவைப் பார்த்துச் சிரித்தான். ரகசியமாகச் சவால் விட்டபோது, அவன் யாருடைய தம்பி என்று நான் ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம்.

வீட்டுக்கு நடக்கும்போது அவள் மீதிக் கச்சானை என் கையில் கொட்டினாள்.

"உங்கட கூட்டாளி தங்கமான மனிசன். ஓட்டம் முடிஞ்சா காரை உங்களுக்கே தந்திடுறன் எண்டு சொன்னார்."

போன உயிர் திரும்பி வந்தது. "பிறகு?"

"நான்தான் வேணாம் எண்டுட்டன். உம்மாக்கு முன்னால சத்தியம் பண்ணின மனிசன், பாவம், குடுத்துக் கெடுத்துப் போடாதீங்க எண்டு சொன்னன்."