தலைகீழாய் நட்ட கண்டல்

பிள்ளைகளே, நன்றாகத் தெரிந்த தொழிலே சில வேளை ஆளைக் கவிழ்த்துவிடும். வவுணதீவில் நெல் விதைத்து வளர்ந்த உங்கள் அப்பாவான என்னைக் கவிழ்த்தது, உப்புத்தண்ணீர்ச் சேற்றில் வளரும் கண்டல் மரத்தின் காய்.

யுத்தக் காலம். ஆட்கள் ஒளிந்திருக்கலாம் என்று ராணுவத்தார் வாவிக்கரைக் கண்டல் காட்டை வெட்டிவிட்டார்கள். காடு போக, அதன் வேர்களுக்குள் வளர்ந்த இறாலும் போனது. திரும்ப நட்டால் இறால் குஞ்சுகள் வருமா என்று ஆராயப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு மிஸ் வந்தார். உங்கள் அம்மாவை எனக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்த நேரம் அது. உங்கள் அம்மப்பா வாவியில் இறால் பிடிப்பவர். எங்கள் வழக்கப்படி மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் போய் வாழ வேண்டும். வயல் வட்டையில் நெல் செய்தவன் வாவிக்கரையில் என்ன செய்வான் என்று அவருக்குச் சந்தேகம். அதைத் தீர்க்க, நடுகிற வேலையை நானே ஏற்றேன். (யாரும் கேட்கவில்லை.)

மிஸ் ஒரு சாக்குக் காய் தந்து, நடும் முறையை மறுநாள் காட்டுவதாகச் சொல்லிப் போனார். பாதையை மூடிவிட்டார்கள், அவர் வரவில்லை. நாற்று நட்டவனுக்கு இது ஒரு வேலையா? காய் முருங்கைக்காய் போல நீளம். ஒரு முனை தடிப்பு, மற்றது மெலிவு. மெலிந்ததுதானே சேற்றில் இலகுவாய் இறங்கும்! கயிறு கட்டி, வரிசை பிசகாமல் நட்டேன்.

வாரங்கள் போயின, ஒரு தளிரும் இல்லை. உப்புக் கூடிவிட்டது என்றேன். மாடு மிதித்தது என்றேன். (அந்தச் சேற்றில் மாடு இறங்கினால் மாட்டையும் தோண்டித்தான் எடுக்க வேண்டும்.) அம்மப்பாவோ எனக்குக் கைராசி இல்லை, தொட்டது எதுவும் முளைக்காது என்று கல்யாணப் பேச்சையே நிறுத்தப் பார்த்தார்.

பாதை திறந்து மிஸ் வந்த அன்று ஊரே கரையில். உங்கள் அம்மா சட்டென்று சேற்றில் இறங்கி ஒரு காயைப் பிடுங்கினார். குருத்து வரவேண்டிய முனை சேற்றுக்குள் அழுகிக் கிடந்தது. மிஸ் வாயைப் பொத்திக்கொண்டார்.

"அப்பா, இஞ்ச பாருங்க. இவருக்குக் கைராசியில பிழையில்ல, மேல் கீழ்தான் தெரியாது. தலைகீழா நட்டிருக்கார்," என்றார் உங்கள் அம்மா.

அம்மப்பா காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒண்டையாவது நேரா நடல்லயா?"

"இல்ல மாமா, எல்லாம் ஒரே மாதிரித்தான் நட்டன்."

அவர் சிரித்த சிரிப்பில், சாய்ந்திருந்த தோணி ஆடியது. மடையனைத் திருத்தலாம், ராசி இல்லாதவனைத்தான் ஒன்றும் செய்ய ஏலாது என்று அங்கேயே சம்மதம் சொன்னார். அடுத்த சாக்கை உங்கள் அம்மாவின் மேற்பார்வையில் நட்டேன். முளைத்தது.

மூத்தவள் பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் அம்மப்பா, பிள்ளை எப்படி வந்தது என்று கேட்டார். தலை கீழாகத்தான், சுகப்பிரசவம் என்றார் தாதி.

"அப்ப மருமகன்ட பிள்ளைதான்," என்றார் அம்மப்பா.

அவளுடைய பிறந்தநாள் தோறும் இதைச் சொல்லாமல் அவர் கேக் வெட்ட விடுவதில்லை.