செவலை மீட்பு நடவடிக்கை

அன்பு எல்லா ஊரிலும்தான் இருக்கிறது. ஆனால் அந்த அன்புக்கு ஒரு தலைவர், ஒரு செயலாளர், ஒரு ரப்பர் ஸ்டாம்பு, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை டீ, பக்கோடாவுடன் பொதுக்குழு என்று ஓர் ஒழுங்கை உண்டாக்கிக் கொடுத்த பெருமை, ஜெயங்கொண்டம் வட்டார வாயில்லா ஜீவன்கள் பாதுகாப்புச் சங்கத்துக்கு மட்டுமே உரியது. நான் அதன் செயலாளர் என்பதால் இதைக் கொஞ்சம் அடக்கமாகவே சொல்கிறேன்.

சங்கம் 2003-ல் தொடங்கியது. தலைவர் தங்கசாமி முந்திரிக்கொட்டை வியாபாரி. வீட்டில் பொமரேனியன் வளர்ப்பவர். முதல் ஆண்டு முழுவதும் 'வளர்ப்புப் பிராணிகள் பராமரிப்பு' குறித்து ஆராய்ந்தோம். நாய்க்கு வாரம் ஒரு குளியல் போதுமா, முட்டையை மஞ்சள் கருவோடு கொடுக்கலாமா என்றெல்லாம் கருத்துப் பரிமாற்றம் நடந்தது. தலைவர் வீட்டு நாய் இதனால் மிகுந்த பயன் அடைந்தது.

மறு ஆண்டு சித்திரையில், ஒரு திங்கட்கிழமை காலை, ஆண்டிமடம் பக்கத்திலிருந்து முத்தாயி என்ற பெண் பஸ் பிடித்து எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். நாற்பது வயதிருக்கும். முந்திரிக் காட்டில் கொட்டை பொறுக்கும் கூலி வேலை. அவர் வளர்க்கும் செவலை என்ற நாய் முந்தைய நாள் சாயங்காலம் ஒரு பாழுங்கிணற்றில் விழுந்துவிட்டதாம். ஊரில் எல்லாரும் போர் போட்ட பிறகு தண்ணீர் வற்றிப்போன கிணறு. நாய்க்கு உயிர் இருக்கிறது. ஆனால் நாலு ஆள் ஆழம், படிக்கல்லெல்லாம் பெயர்ந்து கிடக்கிறது, இறங்க முடியவில்லை என்றார்.

எழுத்து மூலமாகப் புகார் வேண்டும் என்று சொன்னேன். எழுதத் தெரியாது என்றார். மனுவை நானே எழுதி, கைரேகை வாங்கி, நானே அதைப் பெற்றுக்கொண்டு, பெற்றதற்கு ரசீதும் கொடுத்தேன். இத்தனை சேவையும் ஒரே மேஜையில், இருபது நிமிடத்தில் முடிந்தது.

ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், "எப்ப சார் வருவீங்க?" என்று கேட்டார்.

"நடவடிக்கை தொடங்கிட்டுதும்மா," என்றேன்.

செவ்வாய்க்கிழமை 'அவசரக் கூட்டம்'. ஆண்டிமடம் நம் வட்டாரத்தில் வருமா என்று ஓர் உறுப்பினர் கேட்டார். அரியலூரைப் பெரம்பலூர் மாவட்டத்தோடு சேர்த்திருந்த காலம் அது. எது எதில் வருகிறது என்பதில் படித்தவர்களுக்கே குழப்பம் இருந்தது. இரண்டும் உடையார்பாளையம் தாலுகாதான் என்று வரைபடத்தை விரித்துக் காட்டி, நாய் நம் எல்லைக்குள்தான் விழுந்திருக்கிறது என்பதை நிறுவினேன். கைதட்டல் எழுந்தது. தீயணைப்பு நிலையத்துக்கு ஒரு போன் போட்டால் உடனே வந்து எடுத்துவிடுவார்களே என்றார் இன்னொருவர். பெயர் அவர்களுக்குப் போய்விடும் என்றார் தலைவர். போன் போடவில்லை.

புதன்கிழமை பேனர் வாசகம். 'நாய் மீட்பு' என்று போட்டால் கௌரவமாக இல்லை. 'ஜீவ மீட்பு' என்று முடிவானது. வியாழக்கிழமை ஓவியர் எழுதினார், துணி காய்ந்தது. வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஒரு வேனில் பதினோரு பேர், ஒரு போட்டோகிராபர், பேனர், பேனர் கட்டும் கயிறு சகிதம் கிளம்பினோம். ஐந்தே நாளில் ஒரு சங்கம் இவ்வளவு தூரம் அசைந்தது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் முறை.

நாங்கள் போய் இறங்கியபோது செவலை கிணற்றுமேட்டில் படுத்திருந்தது.

எங்களுக்கு அது அதிர்ச்சியாகத்தான் இருந்தது. முத்தாயியின் பக்கத்து வீட்டுக்காரர் அய்யாக்கண்ணு விஷயத்தைச் சொன்னார். திங்கட்கிழமையிலிருந்து முத்தாயி ஒரு பழக்கூடையைத் தாம்புக்கயிற்றில் கட்டி, அதில் சோறும் தண்ணீரும் வைத்து, காலையும் மாலையும் கிணற்றுக்குள் விட்டிருக்கிறார். முதல் நாள் கூடையைக் கண்டு நாய் ஒதுங்கி நின்றதாம். இரண்டாம் நாள் தலையை மட்டும் விட்டுத் தின்றதாம். நான்காம் நாள் கூடைக்குள்ளேயே ஏறி உட்கார்ந்து தின்னப் பழகிவிட்டது. வெள்ளிக்கிழமை விடியற்காலை அது தின்றுகொண்டிருக்கும்போதே இருவரும் சேர்ந்து மெல்ல இழுத்திருக்கிறார்கள், வந்துவிட்டது. முறையான பயிற்சி எதுவும் இல்லாத இருவர், மினிட் புத்தகம்கூட இல்லாமல் இதைச் செய்திருந்தார்கள்.

தலைவர் பேனரைப் பார்த்தார். போட்டோகிராபரைப் பார்த்தார். பிறகு முத்தாயியிடம், நாயை அதே கூடையில் ஒரு பத்து நிமிடம் கீழே இறக்க முடியுமா, சங்கம் முறைப்படி மேலே எடுத்துவிடும் என்று கனிவாகக் கேட்டார்.

முத்தாயி கோபப்படவில்லை. நாயைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். "அது இப்பத்தான் சார் கண்ணை மூடித் தூங்குது," என்று மட்டும் சொல்லிவிட்டு, கூடையையும் கயிற்றையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். அங்கே நாயை விட்டுவிட்டு வேலைக்குப் போகவேண்டுமாம். அய்யாக்கண்ணுவும் கூடவே போனார்.

நாய் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, கிணற்றுக்குள் யாராவது இறங்கினால் படம் பார்ப்பவர்களுக்கு மீட்பு என்று புரிந்துவிடும் என்றார் போட்டோகிராபர். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். செயலாளர் பதவியின் கனம் எனக்கு அப்போதுதான் தெரிந்தது. பேனர் கயிற்றை ஒரு பனைமரத்தில் கட்டி, மறுமுனையை என் இடுப்பில் கட்டி இறக்கினார்கள். பாதி ஆழத்தில் கயிறு அறுந்தது. அது துணியைத் தாங்குவதற்காக வாங்கிய கயிறு. அதன்மேல் குறை சொல்வதற்கில்லை.

கணுக்கால் பிசகிவிட்டது. எழுந்திருக்க முடியவில்லை. மேலே இன்னொரு 'அவசரக் கூட்டம்' தொடங்கியது எனக்கு நன்றாகவே கேட்டது. இப்போதாவது தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லலாமா என்று ஒருவர் கேட்டதற்கு, மீட்புச் சங்கத்தையே மீட்டார்கள் என்று செய்தி வந்தால் என்ன ஆவது என்று தலைவர் வருந்தினார். சங்க விதிப்படி வாயில்லா ஜீவன்களைத்தானே நாம் மீட்க முடியும் என்ற ஐயத்தை வேறொருவர் எழுப்பினார்.

"தலைவரே, கால் ரொம்ப வலிக்குது," என்று நான் கத்தினேன்.

"பேசுறாரே," என்றார் ஐயம் எழுப்பியவர்.

ஒன்றரை மணி நேரம் உள்ளே இருந்தேன். வெயில் நேராக இறங்கியது. செய்ய வேறு வேலை இல்லாததால் கிணற்றுச் சுவரைப் பார்த்தேன். சுற்றிலும் நகத்தால் பிறாண்டிய தடம். ஒரு நாய் எவ்வளவு உயரம் எம்ப முடியுமோ அவ்வளவு உயரத்துக்கு இருந்தது. கீழே அழுத்தமாகவும், மேலே போகப்போக மெல்லியதாகவும். சில இடங்களில் ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. எங்கள் நடவடிக்கை எந்தக் கிழமையில் எந்தக் கட்டத்தில் இருந்தது என்பது எனக்கு மனப்பாடம். எந்தத் தடம் எந்தக் கிழமையுடையது என்றுதான் தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டேன்.

யார் போய்ச் சொன்னார்களோ, முத்தாயியும் அய்யாக்கண்ணுவும் வேலையை விட்டுவிட்டு வந்தார்கள். முதலில் கூடைதான் இறங்கியது. உள்ளே ஒரு சொம்புத் தண்ணீர்.

"மொதல்ல தண்ணி குடிங்க சார். பயப்படாதீங்க," என்று முத்தாயியின் குரல் வந்தது. "பொறவு கயித்தை அக்குள்ள சுத்திக் கட்டிக்கிங்க. நீங்க ஏற வேணாம், நாங்க இழுக்குறோம்."

இழுத்தார்கள். வேனில் வந்த பதினோரு பேரில் என்னைத் தவிர்த்த பத்துப் பேரும் பேனரை நேராகப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். என் தலை விளிம்புக்கு மேலே வந்த கணத்தில் போட்டோகிராபர் படம் எடுத்தார். மேலே வந்ததும் நான் முதலில் கேட்டது படம் சரியாக விழுந்ததா என்றுதான். இதை மறைக்க விரும்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை உள்ளூர் வாரப் பத்திரிகையில் படம் வந்தது. 'நாயை மீட்கும் பணியில் காயமடைந்த செயலாளர்' என்று கீழே போட்டிருந்தார்கள். மூலப் படத்தில் ஓரமாக, கயிற்றைப் பிடித்த இரண்டு கைகள் விழுந்திருந்தன. வளையல் போட்ட கைகள். இடம் போதாததால் வெட்டவேண்டியதாயிற்று.

ஆனி மாதம் பெரம்பலூரில் ஒரு தொண்டு மன்றம் எங்கள் சங்கத்துக்கு 'ஜீவகாருண்யச் செம்மல்' விருது அறிவித்தது. விழாவுக்குப் போவது பற்றிப் பேசக் கூடினோம். அய்யாக்கண்ணு வேலை மெனக்கெட்டு ஜெயங்கொண்டம் வந்து, வாசலிலேயே நின்று, முத்தாயி அக்காவையும் மேடைக்குக் கூப்பிட்டால் நன்றாக இருக்கும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். தலைவருக்கே மனம் கொஞ்சம் இளகியது. கூப்பிட்டால்தான் என்ன என்றார்.

முத்தாயி சங்க உறுப்பினர் அல்ல, ஆகவே அழைக்க இயலாது என்று தீர்மானம் வந்தது. ஒருமனதாக நிறைவேறியது. கொண்டுவந்தவன் நான்.