'உல்லாசப் பயணி'க்குப் பொருள் திருத்தக் கோரி

பெருமதிப்பிற்குரிய அகராதிப் பதிப்பாசிரியர் அவர்களுக்கு,

ஏரிக்கரைத் தபால் நிலையத்தில் முப்பத்தொரு ஆண்டுகள் முத்திரை குத்தி ஓய்வுபெற்றவன் வணக்கத்துடன் எழுதுவது. தாங்களும் தங்கள் அகராதியும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். நாங்கள் நலமில்லை. காரணம், தங்கள் நூற்றுப் பதினெட்டாம் பக்கம்.

"உல்லாசப் பயணி: பொழுதுபோக்குக்காக ஓரிடத்துக்குச் சென்று, இரவு தங்காமல் அன்றே திரும்புபவர்" என்று போட்டிருக்கிறீர்கள். போன ஞாயிறு என் மகன், மருமகள், பேத்தி மூவரும் வந்தார்கள். ஏழு மாதம் கழித்துப் பிள்ளை வருகிறான் என்று என் மனைவி, முழங்காலில் அறுவை சிகிச்சை ஆனவள், விடிந்ததிலிருந்து அடுப்படியில் நின்றாள். பத்து மணிக்குக் கார் வந்தது. மூன்று பேரும் வரிசையாகக் குளியலறைக்குப் போய் உடை மாற்றினார்கள். "கார் இங்கயே நிக்கட்டும்பா, ஏரிகிட்ட இடமே கிடைக்காது" என்று சொல்லிவிட்டுப் படகேறப் போனவர்கள் நாலரைக்குத்தான் திரும்பினார்கள். அங்கேயே சாப்பிட்டாயிற்றாம். இவளோ அதுவரை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. "எனக்கும் பசியில்லடா" என்றாள், கூசாமல். நாற்காலி பூரா ஈரத்துணி, கட்டில் பூரா மணல், நான் ஒரு வார்த்தை பேசியிருப்பேனா, கேளுங்கள்!

அப்போதுதான் பேத்தி, பள்ளிப் பாடத்தில் வருகிறதென்று இந்தச் சொல்லுக்குப் பொருள் கேட்டாள். புத்தி கெட்டுப்போய்த் தங்கள் அகராதியை எடுத்து உரக்கப் படித்தேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்போ அது நாங்கதானே தாத்தா?" என்றாள்.

மருமகள் பையை மூடினாள். மகன் கார் சாவியையே பார்த்துக்கொண்டிருந்தான். "சீ, நீங்க நம்ம வீட்டுப் பிள்ளைங்கடி" என்று சொல்லிவிட்டு என் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆறு மணிக்குக் கார் போய்விட்டது.

ஐயா, கொஞ்சம் யோசித்து எழுதக் கூடாதா? "பெற்ற தாயைப் பார்க்க வருபவரை இது குறிக்காது" என்று ஒரு வரி சேர்த்தால் மை தீர்ந்தா போகும்? அடுத்த பதிப்பில் சேர்க்காவிட்டால் பத்திரிகைக்கு எழுதுவேன்.

தங்கள் வீட்டார் அனைவருக்கும் என் அன்பு. தங்களுக்குப் பிள்ளைகள் இருந்தால், ஒரு ராத்திரியாவது தங்கிப் போகிற பிள்ளைகளாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஏரிக்கரைவாசி

பி.கு.: உறையை ஒட்டும்போது மகன் போன் செய்தான். வரும் ஞாயிறும் வருகிறானாம், நண்பர்கள் எட்டுப் பேரோடு. "தாராளமா வாங்கடா" என்று சொன்னது நான்தான். ஆகையால் தாங்கள் எதையும் திருத்த வேண்டாம். அந்தப் பக்கத்தை நானே கிழித்துவிட்டேன்.